ஆமைக்கரட்டுத் தண்ணீர்

மேலே எதுவோ கடகடவென்று உருண்டது. அடுத்த நொடி பாறையோடு பாறை மோதும் சத்தம். கரட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்த நீர்க்காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. அந்தச் சத்தத்துக்கும் மேலாக யூசுப்பின் அலறல் கேட்டது.

குட்டிப் படகின் மூக்கைக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கோபாலசாமி, அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஓடினார் என்று சொல்வது கூடத் தப்பு. ஆமைக்கரட்டின் கரை முழுக்க வழுக்குப் பாறைகள். நடுநடுவே கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள். தவழ்ந்தும் தாவியும், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் ஓரத்தில் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே யூசுப் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த மாதிரித்தான் இருந்தது. இடது கால் மடங்கி வெளியே கிடந்தது. வலது கால் தொடை வரைக்கும் பிளவுக்குள் போயிருந்தது. கழுத்தில் தொங்கிய கேமரா மட்டும் பத்திரமாக இருந்தது.

"என்றா ஆச்சு?"

"நான் பாறை மேல காலை வெச்சேன். பாறை வந்து என்ற காலு மேல உக்காந்துக்கிச்சு." யூசுப் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது.

"எடுக்க வருதா?"

"வந்தா நான் எதுக்குடா இங்க குந்தியிருக்கேன்?"

கோபாலசாமி குப்புறப் படுத்துப் பிளவுக்குள் கையை விட்டார். மேலிருந்து உருண்டு வந்த கல் ஒன்று, ஆட்டுக்கல் பருமன் இருக்கும், யூசுப்பின் முழங்காலுக்குக் கீழே ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. விரலால் தடவினார். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி இல்லை. அடியில் விரல் நுனியில் தண்ணீர் சில்லென்று பட்டது.

"எலும்பு போயிருச்சா?"

"தெரியலை. வலி இருக்கு. வலி இருந்தா காலு இருக்குன்னுதானே அர்த்தம்?"

கோபாலசாமிக்குப் பீளமேட்டில் பம்பு செட் தொழிற்சாலை. யூசுப்புக்குக் கோட்டைமேட்டில் பைப் கடை. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கோபாலசாமியின் பம்பு எந்தக் கிணற்றுக்குப் போனாலும் பின்னாலேயே யூசுப்பின் பைப் போகும். இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று படகு ஆசை வந்தது. கடல் கோயமுத்தூரிலிருந்து நெடுந்தூரம் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோபாலசாமியின் ஃபவுண்டரி பின்கட்டில் உட்கார்ந்து ஃபைபரில் அச்சு வார்த்து, நாலு பேர் படுத்துத் தூங்கும் அளவுக்கு ஒரு படகைச் செய்தே விட்டார்கள். உள்ளே வைத்த எஞ்சின் கிணற்றுக்குப் போக வேண்டிய டீசல் எஞ்சின். "ஊரு தண்ணியையெல்லாம் இழுத்துப்போட்டு, இப்ப தண்ணி மேலயே சவாரி போகுதாக்கும்" என்று கோபாலசாமியின் மனைவி கனகம் கேலி செய்தாள். படகுக்கு 'அம்மணி' என்று பேர் வைத்தார்கள். அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் போக ஒரு குட்டிப் படகு. அது 'கண்ணு'.

மிதக்க விடுவதற்கு இடம் கொடுத்தவர் தம்பிதுரை. மலையடிவாரத்தில், மேலணையில் திறந்துவிடும் தண்ணீர் வந்து சேரும் கீழணையின் கரையிலேயே அவருக்குத் தென்னந்தோப்பு. கோபாலசாமியிடம் பம்பு வாங்கிப் பழக்கமானவர். அணையில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அவருக்கு உறவு என்பதால், யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. லாரியில் படகை ஏற்றிக்கொண்டு இரண்டு குடும்பமும் வந்து இறங்கின. ராத்திரி அணை நடுவில் நங்கூரம் போட்டு, நட்சத்திரம் பார்த்துப் படுத்து, காலையில் தம்பிதுரை வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள்.

தம்பிதுரை வீட்டில் சாப்பிடுவது தனி அனுபவம். அன்று காலை யூசுப் "போதுங்க, போதுங்க" என்று இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார். கைமேலேயே இட்லி விழுந்தது.

"அட, சும்மா உண்ணுங்க பாய். எங்கூட்டுல போதும்னு சொன்னா, இன்னொண்ணு வெக்கோணும்னு அர்த்தமுங்க."

"கவுண்டரே, உங்க ஊருல எல்லாம் இருக்குங்க. சோத்துக்குக் குறைவில்லை, இளநிக்குக் குறைவில்லை. இந்த அணையில மட்டும் தண்ணி இல்லீங்க. எங்க அம்மணி போற பக்கமெல்லாம் அடி தட்டுது" என்றார் யூசுப்.

எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதுரையும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. விருந்தாளி வாயிலிருந்து குறை என்று ஒரு சொல் வந்துவிட்டதே என்று இருந்திருக்கும். "பார்த்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, யூசுப்பின் இலையில் இன்னும் இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

மதியத்துக்கு மேல் 'அம்மணி'யை ஆமைக்கரட்டின் தெற்குப் பக்கம் ஆழத்தில் நிறுத்திவிட்டு, பெண்களை அதிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நண்பர்களும் 'கண்ணு'வில் கரட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். அணை கட்டும் முன் அது வெறும் கல்லுக் கரடு. இப்போது தீவு. தண்ணீர் நிறைந்த காலத்தில் ஆமை முதுகு மாதிரி மேல் பாகம் மட்டும் தெரியும். சித்திரை மாத வெயிலில் தண்ணீர் வற்றி, அதன் உடம்பு முழுவதும் வெளியே வந்திருந்தது. பழைய தண்ணீர் மட்டம் பாறையில் வெள்ளைக் கோடாக, ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது. செத்துப்போன பனைமரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீரில் கறுப்பாக நின்றன. பாறைகளுக்கு நடுவே சந்து, பொந்து, ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்குக் குகை. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி ஒவ்வொன்றிலும் படகின் மூக்கை நுழைத்துப் பார்த்தார்கள். வடக்குப் பக்கம் வந்தபோது ஒரு நீர்நாய் பாறை இடுக்கில் நுழைந்தது. "நிறுத்துடா, நிறுத்துடா" என்று யூசுப் கேமராவோடு குதித்தார். அப்புறம்தான் அந்தச் சத்தம்.

கோபாலசாமி யூசுப்பின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். யூசுப்பின் முகம் வெளுத்தது. ஷூ நாடாவை அவிழ்க்கலாம் என்றால் கை அதுவரை எட்டவில்லை. துடுப்பைக் கொண்டுவந்து கல்லுக்கு அடியில் கொடுத்து, முழு எடையோடு அமுக்கினார். கல் அசையவில்லை. துடுப்பு முறிந்தது.

"நல்ல தேக்குன்னு சொன்னியே" என்றார் யூசுப்.

"வாயை மூடு."

முறிந்த கட்டையை எறிந்துவிட்டுத் திரும்பிய கோபாலசாமி, 'கண்ணு'வைப் பார்த்தார். கரைச் சரளையில் பாதி உடம்பு தரையில் இருக்கும்படி இழுத்துப் போட்டிருந்த படகு, இப்போது முழுதாக மிதந்து, மெதுவாகத் திரும்பி, கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, படகு கிடந்த இடத்தைத் தேடினார். சரளையைக் காணோம்.

'காத்துல தள்ளியிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காற்று என்று ஒன்று அசையவே இல்லை.

"கோபாலு." யூசுப்பின் குரலில் இப்போது கேலி இல்லை. "முன்னாடி எனக்குப் பாதம் மட்டும்தான் நனைஞ்சுது. இப்ப முட்டியில குளிருது."

"மேலணையில தண்ணி உட்டுட்டாங்க போல."

"முறைத் தண்ணி அடுத்த வாரம்தான் உடுவாங்கன்னு கவுண்டர் சொன்னாரே."

"எந்த மடையன் இப்பக் கதவைத் தூக்குனானோ" என்று பல்லைக் கடித்தார் கோபாலசாமி. "இரு. அம்மணியைக் கொண்டாரேன். கயிறு கட்டி இழுத்தா ஒரே இழுப்புல வந்துரும்."

"போ. ஆனா சீக்கிரம் வா. இங்க எனக்குப் பேச்சுத் துணைக்கு அந்த நீர்நாய்தான் இருக்கு."

ஒற்றைத் துடுப்பில் படகு நேராகப் போக மறுத்தது. இந்தப் பக்கம் இரண்டு தடவை, அந்தப் பக்கம் இரண்டு தடவை என்று கோபாலசாமி துடுப்பு வலித்துக்கொண்டு போனார். மூலை திரும்பும் வரை யூசுப்பின் சட்டை தெரிந்தது. திரும்பியதும் மறைந்தது. அவர் இன்னும் வேகமாக வலித்தார்.

'அம்மணி'யின் மேல்தட்டில் கனகமும், யூசுப்பின் மனைவி சபுராவும் மாங்காயை நறுக்கி உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, அவரு எங்கீங்க?" என்று கேட்டாள் சபுரா.

"ஒண்ணுமில்லம்மா. காலு கல்லுல சிக்கிக்கிச்சு. எடுத்தர்லாம்."

"ஒண்ணுமில்லைன்னா ஒத்தைத் துடுப்போட ஏனுங்கண்ணா வந்தீங்க?"

அவர் 'கண்ணு'வைப் பின்னால் கட்டிவிட்டு எஞ்சின் கைப்பிடியைச் சுற்றினார். எத்தனையோ ஆயிரம் எஞ்சின்களை ஓட்டிப் பார்த்து அனுப்பியவர். அன்று நாலாவது சுற்றில்தான் அது பற்றியது.

வடக்குப் பக்கம் வந்தபோது, யூசுப் உட்கார்ந்திருந்த பாறையின் விளிம்பைத் தண்ணீர் தாண்டியிருந்தது. அவர் இடுப்பைச் சுற்றி அலை தட்டியது. படகு நிற்பதற்குள் சபுரா சேலையோடு இறங்கி, தண்ணீரை அளைந்துகொண்டு போய், கணவனுக்குப் பின்னால் மண்டியிட்டு அவர் முதுகைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டாள்.

"நீ எதுக்குப் புள்ளே வந்தே?"

"சும்மா இருங்க."

கோபாலசாமி நங்கூரக் கயிற்றை அறுத்தெடுத்து, மூழ்கி மூழ்கி, அந்தக் கல்லுக்குச் சுற்றுக் கொடுத்தார். மறுமுனை 'அம்மணி'யின் பின்பக்கக் கொக்கியில். கனகத்தைக் கைகாட்டச் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார். கயிறு விறைத்தது. தண்ணீர் பின்னால் நுரைத்துக் கொதித்தது. கல் திரும்பியது. திரும்பி, இன்னும் கீழே இறங்கி உட்கார்ந்தது.

யூசுப் போட்ட சத்தத்தில் கனகம் இரண்டு கைகளையும் தூக்கி "ஏமண்டி, ஏமண்டி" என்று கத்தினாள். பதறினால் அவளுக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். கோபாலசாமி எஞ்சினைக் குறைப்பதற்குள் கயிறு தெறித்தது. பிடி விட்ட 'அம்மணி' முன்னால் பாய்ந்து, தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறையில் போய் ஏறியது. அடியில் கரகரவென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடியது, படகு நகரவில்லை. அடியில் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி உடைந்துவிட்டது.

அவர் எஞ்சினை அணைத்தார். சட்டென்று எங்கும் அமைதி. அந்த அமைதியில் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஏறும் 'களக் களக்' சத்தம் தெளிவாகக் கேட்டது.

"சங்கு" என்றாள் கனகம். "சங்கை ஊதுங்க. கவுண்டரு கரையில இருக்காரு பாருங்க."

ஃபவுண்டரியில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற பழைய சங்கு ஒன்றை, வேடிக்கைக்காகப் படகில் மாட்டியிருந்தார்கள். கையால் சுற்றினால் ஊர் முழுக்கக் கேட்கும். கோபாலசாமி வெறி பிடித்தவர் போலச் சுற்றினார். மலை வரைக்கும் போய் மோதித் திரும்பி வந்தது அந்த ஊளை. கனகம் மேல்தட்டில் ஏறி நின்று துண்டை எடுத்து இரண்டு கையாலும் வீசினாள். "கவுண்டரே, வாங்க, வாங்க" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவ்வளவு தூரத்துக்குக் குரல் எங்கே போகும்?

அக்கரையில், தோப்பு ஓரத்தில், வெள்ளை வேட்டி ஒன்று நகர்ந்தது. நின்றது. நெற்றிக்கு மேல் கைவைத்துப் பார்ப்பது தெரிந்தது. பிறகு தம்பிதுரை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரத் தூக்கி ஆட்டினார்.

"பார்த்துட்டாரு" என்றாள் கனகம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தம்பிதுரை வேகமாக நடந்தார். தென்னை நிழலில் நின்ற புல்லட்டை உதைத்துக் கிளப்பும் சத்தம் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. வண்டி தோப்பை விட்டு வெளியேறி, மேலணைக்குப் போகும் மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறியது.

"மேலணைக்குப் போறாரு. அங்க ஆளுக இருப்பாங்க. ஜாக்கி இருக்கும், கடப்பாரை இருக்கும்" என்றார் கோபாலசாமி. "தண்ணியையும் நிறுத்தச் சொல்லிருவாரு. புத்திசாலி மனுசன். சொல்லாமயே புரிஞ்சுக்கிட்டாரு பார்த்தியா?"

அதனால்தான் அவர்கள் வேறு எதுவும் செய்யவில்லை. 'கண்ணு'வை எடுத்துக்கொண்டு ஒற்றைத் துடுப்பில் அக்கரைக்குப் போயிருக்கலாம். கோபாலசாமி அதை நினைக்கவும் செய்தார். ஆனால் அக்கரையில் இருந்த ஒரே மனிதர்தான் உதவிக்குப் போய்விட்டாரே. ஆள் இல்லாத தோப்பில் போய் யாரைக் கூப்பிடுவது? இங்கே இருந்தாலாவது யூசுப்பைப் பிடித்துக்கொள்ளலாம்.

காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. யூசுப்பின் இரண்டு பக்கமும் கோபாலசாமியும் கனகமும் தண்ணீரில் உட்கார்ந்தார்கள். பின்னால் சபுரா. நால்வரும் ஏதோ குளிக்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"கோபாலு, நீ வருசத்துக்கு எத்தனை பம்பு விப்பே?" என்று கேட்டார் யூசுப்.

"ஏண்டா?"

"எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சு இந்த அணையை இறைச்சுரு."

கோபாலசாமியால் சிரிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் அவர் தொழில். இருநூறு அடிக் கிணற்றில் கிடக்கும் தண்ணீரைக் கூட, 'ஏறு' என்றால் ஏறும். 'ஏறாதே' என்று சொல்ல அவரிடம் ஒரு கருவி இல்லை. எதிர்ப்பாறையில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக்கல் பதிந்திருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது தண்ணீருக்கு மேலே இருந்தது. கண்ணைத் திருப்பிச் சாலையைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். அதைக் காணோம்.

"இப்ப வேகமா ஏறுதுங்க" என்றாள் சபுரா. அவ்வளவு நேரம் அவள் உதடு ஓசையில்லாமல் ஓதிக்கொண்டிருந்தது. இப்போது நின்றது.

வேகமாகத்தான் ஏறியது. முதலில் ஒளிந்து ஒளிந்து வந்த தண்ணீர், இப்போது பகிரங்கமாக வந்தது. மேலிருந்து செம்மண் கலங்கலும் இலைச் சருகும் மிதந்து வந்தன. யூசுப்பின் நெஞ்சு நனைந்தது. கழுத்திலிருந்த கேமராவை அவரே கழற்றிக் கனகத்திடம் கொடுத்தார். "நீர்நாய் ஃபிலிம்ல உளுந்திருக்கு. கழுவிப் பாரு தங்கச்சி" என்றார்.

"நீங்களே கழுவிக் குடுங்கண்ணா" என்று கனகம் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

கோபாலசாமி கடைசியாக ஒரு முறை மூழ்கினார். கல்லைக் கட்டிப்பிடித்து, கால்களைப் பாறையில் உதைத்து, கண்ணுக்குள் மின்னல் பறக்கும் வரை இழுத்தார். மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார். நகம் பெயர்ந்து ரத்தம் கலங்கலோடு போனது. கத்தியால் காலை அறுத்துவிடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தார். படகில் இருந்தது மாங்காய் நறுக்கிய கத்தி மட்டுமே.

"ஏனுங்க, ஹோஸ்" என்றாள் கனகம்.

"என்ன?"

"எஞ்சினுக்குத் தண்ணி போற ஹோஸுங்க. வாயில வெச்சா மூச்சு உடலாமில்லீங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு 'அம்மணி'க்கு நீந்தினார். குளிர்நீர்க் குழாயை ஒரு கை நீளத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தார். யூசுப் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ற கடைச் சரக்கா?"

"வேற யாரோடது?"

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாரு. இல்லாத சரக்கையும் சமயத்துல வித்திருக்கேன்."

"இருக்குடா. மூக்கைப் பொத்திக்கிட்டு இழுத்துப் பாரு."

யூசுப் இழுத்துப் பார்த்தார். காற்று வந்தது. தலையாட்டினார். பிறகு குழாயை எடுத்துவிட்டு, கோபாலசாமியின் காதருகே மெதுவாகச் சொன்னார்.

"தலைக்கு மேல ஒரு முழம் போனாலும் இதுல மூச்சு இழுக்க முடியாது. நெஞ்சு அமுங்கிரும். உனக்கும் தெரியும்."

கோபாலசாமிக்குத் தெரியும்.

"சபுராவை அக்கட்டால கூட்டிக்கிட்டுப் போயிரு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் தலை சாய்ந்திருந்தது சபுராவின் தோளில்.

"நான் எங்கீங்க போறது? நாலு பக்கமும் தண்ணி" என்றாள் அவள். கணவனின் தாடையை உள்ளங்கையில் ஏந்தி, இன்னும் ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பிடித்தாள். அவள் செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது.

தண்ணீர் தோளுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. தாடியின் நுனி நனைந்து மிதந்தது. கனகம் பாறை மேல் ஏறி நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துருவாரு, வந்துருவாரு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தது மந்திரம் போல ஆகிவிட்டது.

"கனகம், ஏதாச்சும் தெரியுதா?"

"புழுதி தெரிஞ்சுதுங்க. வண்டி தோப்புக்குள்ள வந்துருச்சு."

"எத்தனை பேரு?"

"அவரு ஒருத்தராட்டத்தான் தெரியுதுங்க. பரிசலைத் தள்றாரு."

"ஒருத்தரா? ஜாக்கி?"

"என்னமோ தூக்கி வெக்கிறாருங்க. சோத்துத் தூக்குப்போசி மாதிரி இருக்கு. அடுக்கு அடுக்கா வெக்கிறாரு."

கோபாலசாமிக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. தண்ணீர் யூசுப்பின் கீழுதட்டைத் தொட்டது. அவர் குழாயை வாயில் கவ்வினார். கோபாலசாமி மறுமுனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கை அசைந்தால் குழாயும் அசைந்தது. அதனால் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். குழாய் நுனியில் 'ஹ்ம்... ஹ்ம்...' என்று நண்பனின் மூச்சு வந்து போனது. தண்ணீருக்கு மேலே யூசுப்பின் இரண்டு கண்களும் அகலமாகத் திறந்து, அவரையே பார்த்தன.

பரிசல் பாறைக்கு அந்தப் பக்கமாக வந்தது. துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்டது. தூக்குப்போசிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. கறிக்குழம்பு வாசம் பாறையைத் தாண்டி வந்தது. கனகம் உச்சியிலிருந்து அந்தப் பக்கம் சரிந்து இறங்கினாள். கத்த வாயைத் திறந்தாள், கம்மல்தான் வந்தது. சங்கு ஊதியபோது கூப்பிட்டதிலேயே தொண்டை கட்டியிருந்தது; பேச வந்தது, கத்த வரவில்லை.

"கவுண்டரே" என்றார் கோபாலசாமி. குழாயை ஆட்டாமல் கத்த முடியவில்லை. அது பாதிக் கத்தலாகத்தான் வந்தது. "போதுமுங்க... போதும்..."

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முகம் தெரியாமல், தம்பிதுரையின் குரல் சந்தோஷமாக வந்தது.

"காலையில யூசுப் பாய் குறை சொன்னப்பவே மேலணையில இருக்கிற மச்சான்கிட்டச் சொல்லி ஒரு கதவைத் தூக்க வெச்சனுங்க, அம்மணி தட்டி நிக்க நீங்க சங்கு ஊதுனதும் இன்னும் பத்தலையாட்ட இருக்குதுன்னு நானே போயி ரெண்டாவதையும் தூக்கிப்போட்டு வந்தனுங்க, வெக்கப்படாம சொல்லுங்க, மூணாவதையும் தூக்கச் சொல்லட்டுங்களா?"